கேட்காமற்போன ஒரு மண்டலம்

தொண்டையில் வந்த புற்றுநோய்க்காக என் நண்பரின் குரல்வளையை எடுத்துவிட்ட பிறகு, மூச்சு விடுவதற்கென்று அவர் கழுத்தின் அடியில் ஒரு துளை வைத்தார்கள். அதற்குள் தூசி புகக்கூடாது என்றார் மருத்துவர். எண்ணூரில் குடியிருப்பவரிடம் தூசி ஆகாது என்று சொன்னால் அவர் எங்கே போவார் என்பது எங்களுக்கு விளங்கவில்லை. ஒன்று மட்டும் உடனே விளங்கிற்று: இனி அவர் கேரம் பலகையின் முன்னால் உட்கார முடியாது. பலகை வழுக்குவதற்காகத் தூவும் வெள்ளைப் பவுடர் ஒவ்வோர் அடிக்கும் எழும்பி எங்கள் நால்வர் முகத்திலும் படியும். முப்பது ஆண்டுகளாக அதைப் பூசிக்கொண்டு வீடு திரும்பியவர்கள் நாங்கள்.

நால்வர் என்றேன். நான் துறைமுகத்துச் சரக்குகளுக்கு அனுமதி வாங்கித் தரும் அலுவலகம் ஒன்றில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன், இருப்பது திருவொற்றியூரில். இந்த நண்பர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். மூன்றாமவர் லாரி ஓட்டுநர். இப்போது மகன்கள் ஓட்ட, அவர் மணலி புதுநகரில் வீட்டோடு இருக்கிறார். நான்காமவரை அண்ணாச்சி என்போம். தெற்கிலிருந்து வந்து இராயபுரத்தில் படகுக் கயிறும் பெயிண்டும் விற்கும் கடை வைத்திருப்பவர். அந்தக் கடை மாடியில்தான் பலகை இருந்தது. ஞாயிறுதோறும் அவர் தேவாலயத்திலிருந்தும் நான் கோயிலிலிருந்தும் வந்து சேர்ந்த பிறகு ஆட்டம் தொடங்கும்.

நானும் கிரேன்காரரும் எப்போதும் ஒரே ஜோடி. ஆட்டத்தில் மட்டுமன்று, மார்கழி விடியலில் தெருவலம் வந்து பதிகம் பாடும் கூட்டத்திலும் நாங்கள் அருகருகேதான் நடப்போம். அவருக்கு ஏட்டுப் படிப்பு குறைவு. நான் ஒருமுறை ஓதிக் காட்டினால் போதும். மறுநாள் அவர் எடுத்துக் கொடுக்க, நான் பின்தொடர்வேன். கப்பலின் சங்கொலிக்கும் மேலாகக் கீழே நிற்பவனைக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை அது.

குரலுக்குப் பதிலாக அவருக்கு ஒரு கருவி கொடுத்தார்கள். சிறிய டார்ச் விளக்கு அளவில் இருக்கும். அதைக் கழுத்தில் அழுத்திக்கொண்டு வாயசைத்தால், ஏற்ற இறக்கமில்லாத ஓர் அதிர்வொலி சொற்களாக வெளிவரும். எதிரே அமர்ந்து உதட்டையும் பார்த்தால் எல்லாம் புரியும். முதன்முதலாக அதில் பேசிக் காட்டியபோது என் முகத்தைப் பார்த்து அவரே கேட்டார்: "இன்னா வாத்யாரே, அப்டி பாக்கற? காதுல வண்டு பூந்த மாதிரி கீதா? ரெண்டு நாள்ல பழகிப்பூடும்."

அவருக்காகத்தான் நாங்கள் கைப்பேசியில் கேரம் ஆடத் தலைப்பட்டோம். நால்வர் சேர்ந்து ஆடக்கூடிய விளையாட்டு ஒன்றை ஓட்டுநர் கண்டுபிடித்தார். மாலை ஐந்து மணிக்கு அவரவர் வீட்டிலிருந்தே கூடிவிடலாம்; பவுடர் இல்லை, தூசி இல்லை. ஆனால் அதில் பேச வழியில்லை. சிரிக்கும் முகத்தையும் உயர்த்திய கட்டைவிரலையும் அனுப்பலாம், அவ்வளவே. வாய் ஓயாமல் ஒருவரையொருவர் ஏசாமல் எங்கள் பக்கத்தில் யாரும் கேரம் ஆடியதில்லை. ஆகவே பேச்சுக்கென்று தனியே ஒரு செயலி வேண்டியதாயிற்று. அதைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு, நால்வரில் சற்றே படித்தவன் என்பதால், என்னிடம் வந்து சேர்ந்தது.

சாதாரண அழைப்பிலேயே நால்வரையும் சேர்த்துப் பார்த்தேன். அழைப்பு வந்ததும் ஆட்டம் நின்றுவிட்டது. அடுத்து, எல்லாரும் வைத்திருக்கும் செய்திச் செயலியின் குழு அழைப்பு. ஆட்டம் ஓடிற்று; ஆனால் நான்கு வீட்டு ஓசைகளும் ஒன்றாக வந்து காதில் மோதின. எண்ணூர் நெடுஞ்சாலையின் கன்டெய்னர் லாரிகள், மணலியில் ஒரு குக்கர், அண்ணாச்சி கடையில் பெயிண்ட் டப்பாவைக் குலுக்கும் இயந்திரம், என் தெருவின் ஒலிபெருக்கி. இவற்றின் நடுவே இன்னோர் ஓசை.

"யாரு வூட்லபா மிக்ஸி ஓடுது?" என்றார் ஓட்டுநர். "நிறுத்துங்கப்பா, பேஜாரா கீது."

நானும் அண்ணாச்சியும் சிரித்தோம். ஓசை நின்றது. சற்றுப் பொறுத்து மீண்டும் எழுந்தபோது அதில் சொற்கள் இருந்தன.

"மிக்ஸி இல்ல மாமு. நான்தான்."

ஓட்டுநர் பதறிப்போனார். "ஐயோ, தப்பா எடுத்துக்காத மாமு, சத்தியமா தெர்ல." "உடு உடு. சட்னி அரைக்கணும்னா சொல்லியனுப்பு" என்று கிரேன்காரரே அதைக் கேலியாக்கி முடித்துவைத்தார். எல்லாரும் சிரித்தோம். அவரும் சிரித்தார் என்றே எண்ணினேன். அந்தக் கருவியால் சிரிக்க இயலாது என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

அதன்பின் ஒரு வாரம், இணையத்தில் விளையாடும் இளைஞர்கள் பேசுவதற்கு எதையெதைப் பயன்படுத்துகிறார்கள் என்று தேடிப் படித்தேன். ஒரு செயலியில் பேசும்போதெல்லாம் பொத்தானை அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். ஒரு கையில் கருவியும் மறு கையில் ஆட்டமுமாக இருப்பவருக்கு மூன்றாம் கை ஏது? அதைத் தள்ளினேன். மற்றொன்றில் குரல் பிந்தி வந்தது. காய் விழுந்த பிறகு "அடிக்காதே" என்று கேட்டால் என்ன பயன்? மூன்றாவதில் ஒரு வசதி இருந்தது. பேச்சை மட்டும் வைத்துக்கொண்டு சுற்றியுள்ள இரைச்சலையெல்லாம் அது நீக்கிவிடும். ஓதுகிறவனுக்கு அமைதியின் மேல் ஒரு பேராசை உண்டு. அந்தப் பேராசையோடு அதைத் தேர்ந்தேன். மூவர் வீட்டுக்கும் நானே சென்று, கைப்பேசியில் அதை ஏற்றி, இரைச்சல் நீக்கும் பொத்தானை என் விரலாலேயே தட்டிவிட்டு வந்தேன்.

முதல் நாள் ஆட்டத்தில் அண்ணாச்சி வியந்துபோனார். "ஐயா, என்ன இது, ஆலயத்துக்குள்ள உக்காந்திருக்க மாரில்லா இருக்கு! ஒரு பொட்டுச் சத்தம் இல்லையே!" எனக்குப் பெருமை தாங்கவில்லை. கிரேன்காரரிடம், "நாங்க பேசறது கேக்குதா?" என்று கேட்டேன். விளையாட்டில் உயர்த்திய கட்டைவிரல் வந்தது. எங்கள் குரல் அவருக்குக் கேட்டது. அது போதுமென்று இருந்துவிட்டேன். அவர் குரல் எங்களுக்குக் கேட்கிறதா என்று நான் சோதிக்கவே இல்லை.

அன்றுமுதல் அவர் பேசவில்லை.

முதல் சில நாள் கூச்சம் என்று நினைத்தோம். அவருக்கு எழுத்துத் தட்ட வராது. கட்டைவிரல் மட்டும் வரும், நன்றாக ஆடுவார். நாட்கள் செல்லச் செல்ல எனக்கு வேறோர் எண்ணம் வளர்ந்தது. நான் சிறு வயதுமுதல் ஓதிவந்த பாடல்கள் பேச்சிறந்த நிலையைப் போற்றுபவை. சொல்லெல்லாம் அடங்கியபின் எஞ்சும் மோனத்தில்தான் இறைவன் வெளிப்படுவான் என்று உருகுபவை. நோய் இவரை அந்த வாசலுக்குக் கொண்டுவந்து விட்டிருக்கிறது என்று நம்பத் தொடங்கினேன். என்னைவிடப் படிப்பில் குறைந்தவர் என்னைக் கடந்து போய்விட்டாரே என்று ஒரு மாலை கண்கூடக் கலங்கினேன்.

"அவனாவது, பேசாம இருக்கறதாவது!" என்றார் ஓட்டுநர். "இன்னாவோ தப்பு கீது வாத்யாரே. நான் ஒரு நட போய்ப் பாக்கறேன்."

"வேண்டாம்," என்றேன் நான். "அது பெரிய பக்குவம். பேச்சை விட்டவரைப் பேசச் சொல்லித் தொந்தரவு செய்யக்கூடாது." என் சொல்லுக்கு அவர்கள் மரியாதை வைத்திருந்தார்கள். யாரும் போகவில்லை.

இப்படி நாற்பத்தெட்டு நாள் கழிந்தது. விரதம் இருப்பவர்கள் ஒரு மண்டலம் என்று எண்ணும் கணக்கு. மறுநாள் காலை கோயில் திருநீற்றை மடித்து எடுத்துக்கொண்டு எண்ணூருக்குப் போனேன். அவர் கழுத்தில் ஈரத் துணியைச் சுற்றிக்கொண்டு கட்டிலில் அமர்ந்திருந்தார். மகள் தேநீர் கொண்டுவந்தாள். நான் அவளைப் பார்த்துச் சொன்னேன்: "அம்மா, உங்கப்பா இப்படிப் பேச்சையே விட்டுட்டாரே, இது எல்லாருக்கும் வாய்க்காது."

அவள் தம்ளரைக் கீழே வைத்தாள். "பேச்ச உட்டுட்டாரா? யாரு, இவரா? இன்னா மாமா சொல்றீங்க? நாலு மணிக்கே அந்த மெஷின சார்ஜ் போட்டு வெச்சிகினு குந்துவாரு. அஞ்சு மணிக்கு ஆரம்பிச்சா அது தீந்து போற வரைக்கும் பேசுவாரு. நீங்கதான் ஒருத்தரும் பதிலே சொல்றதில்ல. நான்கூடக் கேட்டேன், இன்னாப்பா உன்ன யாரும் கண்டுக்கவே மாட்றாங்கன்னு. அதுக்கு அவரு, 'உடும்மா, அவங்க காதுக்கு மிக்ஸி சத்தம் பேஜாருதானே, நல்லவங்க, அதான் கேக்காத மாதிரி இருந்துக்கறாங்க'ன்னாரு."

நான் நண்பரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தார்.

என் கைப்பேசியை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினேன். அவரை உள்ளிருந்து அந்தச் செயலியில் பேசச் சொன்னேன். சன்னல் வழியே அவர் கருவியைக் கழுத்தில் வைப்பதும் உதடு அசைவதும் தெரிந்தன. அந்த அதிர்வொலி காற்றில் மெலிதாக என்னை வந்தடைந்தது. காதோடு வைத்திருந்த கைப்பேசியில் மட்டும் ஒன்றுமே இல்லை. நான் ஆசைப்பட்ட அதே தூய அமைதி. ஏற்ற இறக்கமில்லாமல் ஒரே சீராக ஒலிப்பது மனிதக் குரலாக இராது என்று அந்தச் செயலி முடிவு செய்திருக்கிறது. மின்விசிறியையும் லாரியையும் எடுத்தெறிந்த கையோடு என் நண்பரையும் எடுத்தெறிந்திருக்கிறது.

உள்ளே போய் அவர் கைப்பேசியில் அந்தப் பொத்தானை அணைத்துவிட்டு மீண்டும் தெருவுக்கு வந்தேன். கடற்காற்று, லாரி ஹாரன், பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி எல்லாம் ஒன்றாகக் கொட்டின. அவற்றுக்குள்ளிருந்து அவர் கேட்டார்: "வாத்யாரே, கேக்குதா?"

அன்று மாலை கோயிலில் நிற்க முடியவில்லை. இத்தனை கூப்பிட்டும் வாய் திறக்கவில்லையே, உனக்குச் செவியில்லையா என்று இறைவனிடம் முறையிடும் பாடல்கள் நான் ஓதுபவற்றுள் நிறைய உண்டு. அவற்றை ஓதும்போதெல்லாம் நான் கூப்பிடுகிறவரின் பக்கம் நிற்பவனாகவே என்னை எண்ணியிருந்தேன். எதிர்ப்பக்கத்தில், கேளாதவனின் இடத்தில், எனக்கும் ஒரு நாள் நிற்க நேரும் என்று நினைத்ததே இல்லை. அவனாவது கேட்டும் பேசாதிருந்தான் என்று சமாதானம் சொல்லலாம். நானோ கேட்கவும் இல்லை. கேட்காததற்கு மோனம் என்று பெயரும் வைத்தேன்.

விஷயத்தைச் சொன்னதும் அண்ணாச்சி, "ஆண்டவரே" என்ற ஒரு சொல்லோடு நிறுத்திவிட்டார். ஓட்டுநர் மகனின் வண்டியில் நேராக எண்ணூருக்குப் போய், ஒரு பகல் முழுவதும் அவர் கட்டிலருகே உட்கார்ந்துவிட்டு வந்தார்.

நால்வரும் பொத்தானை அணைத்தோம். குக்கரும் டப்பா இயந்திரமும் திரும்பி வந்தன. கிரேன்காரர் பேசினார், ஓட்டுநரை ஏசினார், எனக்கு அடி சொல்லிக் கொடுத்தார். ஆனால் ஒன்று மாறிவிட்டது. ஒவ்வொரு முறை வாய் திறக்கும் முன்பும், "கேக்குதா?" என்று கேட்பார். நாங்கள் மூவரும் "கேக்குது" என்ற பிறகே மேற்கொண்டு சொல்வார். காற்றையும் கப்பலையும் மீறிக் கூப்பிட்டவர், ஒருபோதும் அனுமதி கேட்டுப் பேசியறியாதவர். "அதான் கேக்குதேப்பா, சும்மா பேசு" என்று பலமுறை சொல்லிப் பார்த்தோம். சரி என்பார். அடுத்த வாக்கியத்துக்கு முன் மறுபடியும் கேட்பார்.

மூன்று வாரம் சென்றிருக்கும். இரண்டு நாள் தொடர்ந்து அவர் ஆட்டத்துக்கு வரவில்லை. மகளை அழைத்தேன். கதிர்வீச்சுக்குப் போய்வந்த சோர்வு என்றாள். "திரும்பி வந்துடுச்சுல்ல மாமா. உங்களுக்குத் தெரியுமே? ரிப்போர்ட் வந்த அன்னிக்கே உங்க மூணு பேருகிட்டயும் சொல்லிட்டேன்னு சொன்னாரே."

உடனே புறப்பட்டுப் போனேன். சுவரோரம் ஒருக்களித்துப் படுத்திருந்தார். கருவியை எடுத்து நானே அவர் கையில் கொடுத்தேன்.

"சொன்னேன் வாத்யாரே," என்றார். "ஆட்டத்துக்கு நடுவுல. சொல்லி முடிச்சிட்டு சும்மா இருந்தேன். நீ சொன்ன, 'ரெட்ட உட்டுடாத, இப்பவே போட்டுடு'ன்னு. சர்தான், வாத்யாரு இத்தயெல்லாம் கண்டுக்காத ஆடுடான்னு சொல்றாருன்னு நெனச்சிகினேன்." மூச்சு வாங்கிக்கொண்டார். "போட்டேன். ஃபாலோவும் போட்டேன்."

எனக்கு அந்த ஆட்டம் நினைவிருக்கிறது, அந்த நாற்பத்தெட்டு நாளுக்குள் ஒன்று. ரெட் என்னும் சிவப்புக் காயும், அது செல்லுபடியாக அடுத்து போடவேண்டிய ஃபாலோ காயும் விழுந்ததும் நான் கைதட்டினேன்.

"இப்ப சொல்லு," என்றேன். "அன்னிக்குச் சொன்னத அப்படியே சொல்லு. நான் கேக்கறேன்."

அவர் கருவியைக் கழுத்துக்குக் கொண்டுபோனார், எடுத்தார், மீண்டும் வைத்தார். "அத்த ஒரு தபா சொல்றதுக்கே மூணு நாள் ஒத்திகை பாத்தேன் வாத்யாரே. இன்னொரு தபா என்னால ஆவாது. பொண்ணாண்ட கேட்டுக்க." கருவியைத் தலையணை அடியில் வைத்துவிட்டுக் கண்களை மூடிக்கொண்டார்.

சமையலறை வாசலில் நின்று, தந்தைக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தி, மகள் எல்லாவற்றையும் சொன்னாள். எங்கே பரவியிருக்கிறது, இன்னும் எத்தனை முறை போகவேண்டும், மருத்துவர் எதைச் சொன்னார், எதைச் சொல்லாமல் விட்டார். அவர் அன்று எங்களிடம் என்ன சொற்களால் அதைச் சொன்னார் என்று கேட்டேன். அது அவளுக்கும் தெரியவில்லை. குடம் எடுத்துக்கொண்டு தண்ணீர் லாரிக்குப் போயிருந்தாளாம். திரும்பி வந்தபோது அவர் ஆடிக்கொண்டிருந்தாராம்.