முடிச்சூரில் நான் வெட்டிய சாலை

பொக்லைன் ஓட்டுவதற்கு மழைக்காலம்போல வேறு காலம் கிடையாது. வெயிலில் கேபின் அடுப்பாகிவிடும். தொட்ட இரும்பெல்லாம் சுடும். மழை பிடித்தால்தான் வண்டிக்கும் எனக்கும் வேகம் வரும். எஞ்சினீயரிங் படித்து, அலுவலக நாற்காலியை உதறிவிட்டு, சொந்த வண்டியை நானே ஓட்டியவன் நான். அறுபது தாண்டியும் லிவரை இன்னொருவர் கையில் கொடுக்க மனம் வரவில்லை.

அந்த ஐப்பசியில் முடிச்சூரில் ஒரு தெரு மூழ்கிக்கொண்டிருந்தது. குடியிருப்போர் சங்கச் செயலாளர் நனைந்தபடி ஓடிவந்தார். முதல் வீட்டில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர். அவர் மனைவிக்கு இடுப்பெலும்பில் அறுவை சிகிச்சை முடிந்து சில நாட்களே ஆகியிருந்தன. அசைக்கக் கூடாது என்பது டாக்டரின் உத்தரவு. கட்டில் சட்டத்தைத் தண்ணீர் தொட்டுவிட்டது.

வெள்ளத்தில் சாலையை நம்பக் கூடாது. பக்கெட்டை முன்னால் இறக்கி, அதன் பற்களால் தரையை அழுத்திப் பார்த்து, கெட்டியாக இருந்தால்தான் செயினை நகர்த்த வேண்டும். வைப்பர் எவ்வளவு வழித்தாலும் கண்ணாடியில் வெள்ளைத் திரைதான். காற்று மழையைப் பக்கவாட்டில் அறைந்தது. எனக்கோ உள்ளுக்குள் திருவிழா.

படியில் தொற்றிக்கொண்டிருந்த செயலாளர் கத்தினார்: “இன்னா சார், தண்ணி ஏறிக்கினே போவுது, நீங்க தடவிக்கினு போறீங்க?”

“தடவாம போனா நம்மளத் தேட இன்னொரு வண்டி வரணும்யா!”

தெருவின் தாழ்ந்த கோடியில் குறுக்குச்சாலை ஒன்று அணைபோல நின்று வெள்ளத்தைத் தடுத்தது. அதை வெட்டினால் தண்ணீர் மறுபக்கம் இறங்கிவிடும்.

“பாத்து சார், இப்பதான் தார் போட்டாங்க. கண்ட எடத்துல வெட்டினா என் தலையத்தான் உருட்டுவாங்க!”

நான் தயங்கவில்லை. டிரான்ஸ்ஃபார்மரை ஒட்டி பக்கெட்டை இறக்கினேன். அங்கே ஒரு வாய்க்கால் இருந்தது எனக்குத் தெரியும். இந்த இடம் வயலாக இருந்தபோது, மனை போட்டவர்களுக்காக அதைச் செங்கல் உடைசலும் செம்மண்ணும் கொட்டி மூடியவன் நான்தான். அடியில் குழாய் பதித்திருக்க வேண்டும். படித்தவனுக்கு அது தெரியாதா? அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

தார் அப்பளம்போல நொறுங்கியது. அடியில் என் செங்கல்கள். வாரி வாரி எறிந்தேன். திடீரென்று வெட்டின் வாயில் தண்ணீர் சுழித்தது; மறுகணம் உறுமிக்கொண்டு பாய்ந்தது! கரை சரிந்து இடப்பக்கச் செயின் அந்தரத்தில் தொங்கியது. செயலாளர் குதித்து ஓடினார். பக்கெட்டைத் தரையில் ஊன்றி வண்டியைப் பின்னால் உந்தினேன். எஞ்சின் அலறியது, கேபின் குலுங்கியது, செயின் மறுபடி சாலையைப் பிடித்தது. மொட்டைமாடிகளிலிருந்து விசில் பறந்தது. நானும் கேபினுக்குள் விசிலடித்தேன்.

மெத்தை நனையவில்லை. முழங்கால் தண்ணீரில் நடந்து வந்த ஆசிரியர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “எப்படி சார் கரெக்டா அந்த எடத்துல வெட்டினீங்க?”

“அனுபவம், சார்” என்றேன்.

மறுநாள் வெயில் வந்ததும் சங்கத்தார் எனக்குச் சால்வை போட்டார்கள். போட்டவர் ஆசிரியர்தான். கூசாமல் கழுத்தை நீட்டினேன். அதற்குள் ஒரு லாரி கிராவல் வந்து நின்றது.

“சார், வெட்டினது நீங்க, மூடறதும் உங்க கையாலயே ஆவட்டும்” என்று செயலாளர் சிரித்தார்.

வண்டியில் ஏறி எஞ்சினைக் கிளப்பி லிவரில் கை வைத்தேன். மூடினால் அடுத்த மழைக்கும் அதே கட்டில், அதே தண்ணீர். எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கினேன்.

“இது வாய்க்கால். குழாய் போடாம மூடக் கூடாது. முன்னாடி அப்படி மூடினது நான்தான்.”

செயலாளர் விளையாட்டு என்று நினைத்து மறுபடி சிரித்தார். ஆசிரியர் சிரிக்கவில்லை.

“தெரிஞ்சேவா சார் மூடினீங்க?”

“தெரிஞ்சேதான்.”

அவர் என்னை விட்டுவிட்டுச் செயலாளர் பக்கம் திரும்பினார். “லாரியத் திருப்பி அனுப்புங்க. குழாய் வர்றவரைக்கும் இதுல ஒரு கூடை மண்ணு விழக் கூடாது” என்று சொல்லிவிட்டு மனைவியைப் பார்க்க வீட்டுக்கு நடந்தார்.