ஆறாம் பக்கத்தில் குறி இல்லை

என் அத்தை விசாலாக்ஷிக்குப் பெருக்கல் குறி போடுகிற உத்தியோகம். ஆபீஸ் பாஷையில் அதற்கு ஆராய்ச்சிப் பிரிவு எழுத்தர் என்று பெயர். அடையாறு பக்கம் ஒரு பல்கலைக்கழகம். எது என்று எழுத மாட்டேன். அத்தைக்கு இன்னும் பதினெட்டு வருஷம் சர்வீஸ் இருக்கிறது.

கம்பெனிக்காரர்கள் பணம் கொடுத்து, இன்னதைக் கண்டுபிடித்துத் தாருங்கள் என்று பல்கலைக்கழகத்தைக் கேட்பார்கள். அதற்கு ஒப்பந்தம் உண்டு. பத்துப் பன்னிரண்டு பக்கம் வரும். பதிவாளர் ஸ்ரீரங்கன் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் சின்னக் கையெழுத்துப் போட வேண்டும். எங்கே என்று காட்ட, அத்தை பென்சிலால் ஒரு பெருக்கல் குறி வைப்பாள். குறி இருந்தால் பேனா இறங்கும். இல்லாவிட்டால் இறங்காது. மை காய்ந்ததும் ரப்பரால் அழித்துவிடுவாள். பதினாலு வருஷமாக இதுதான் நடைமுறை. பதிவாளர் படிக்க மாட்டார். பேராசிரியர்களும் படிக்க மாட்டார்கள். குறி போடுகிறவள் மட்டும் முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளி வரை படிப்பாள், ஆபீஸில் நேரம் போதாவிட்டால் மயிலாப்பூருக்குத் தூக்கிக்கொண்டு வந்து.

"உன்னை யார் படிக்கச் சொன்னா?" என்று கேட்டேன் ஒரு நாள்.

"படிக்காத பக்கத்துல குறி போட்டா, அது பொய் சொல்றாப்பலடா."

இந்தக் குறியின் மகிமையை நானே சோதித்துப் பார்த்திருக்கிறேன். எஸ்.எஸ்.எல்.சி.யில் கோட் அடித்துத் தோற்பதற்கு முந்தின வருஷம், என் ரேங்க் கார்டில் சரியான இடத்தில் ஒரு பெருக்கல் குறி வைத்து, அத்தை குறி வைத்திருந்த வீட்டுக் காகிதங்களுக்கு நடுவே செருகி, அப்பாவிடம் நீட்டினேன். பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டார். கணக்கில் பதினொன்று.

அத்தைக்கு நாற்பது வயசு. பென்சிலைக் கொண்டையில் செருகியிருப்பாள். கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று துருவுகிறவர்களுக்கு ஒரே பதில்: "ஷரத்து ஒத்துவரலை."

போன வருஷம் ஏப்ரல் கடைசியில் சாயக் கம்பெனி ஒன்றின் ஒப்பந்தம் வந்தது. சாயப்பட்டறைக் கழிவுத் தண்ணீரிலிருந்து நிறத்தைப் பிரித்தெடுக்க வழி வேண்டும். அந்த வழியை ஏற்கெனவே முக்கால்வாசி கண்டுபிடித்து வைத்திருந்தவள் ஜமீலுன்னிசா என்கிற ஆராய்ச்சி மாணவி. திருவல்லிக்கேணிப் பெண். மூன்று வருஷம் சோதனைச்சாலையில் கை சிவக்கச் சிவக்க நின்றிருக்கிறாள். ஆகஸ்ட் முதல் வாரத்தில் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். அதோடு உதவித்தொகை நின்றுவிடும்.

ஆறாம் பக்கத்தில், ஒன்பதாவது ஷரத்தில் அத்தை நின்றாள். ஒப்பந்தத்துக்கு முன்பு கண்டதும் பின்பு காண்பதும் கம்பெனியின் சொத்து. கம்பெனி எழுதித் தராமல் ஐந்து வருஷத்துக்கு எந்த வடிவிலும் வெளியே காட்டக்கூடாது. எந்த வடிவிலும் என்றால் ஆய்வேடும்தான். ஜமீலுன்னிசாவின் பேராசிரியர், கம்பெனி பணத்தில் புது மிஷின் வரப்போகிற சந்தோஷத்தில் ஒப்புதல் கொடுத்துவிட்டார்.

இதை எடுத்துச் சொல்லி அத்தை பதிவாளருக்குக் குறிப்பு எழுதி அனுப்பினாள். "பேராசிரியர் ஒப்புக்கொண்டாயிற்று. கையெழுத்துக்கு வைக்கவும்" என்று அத்தைக்கு மேலே இருந்த ஆபீஸ் கண்காணிப்பாளர் திருப்பி அனுப்பினார். பதிவாளரை நேரே பார்க்கவும் விடவில்லை. விஷயம் தெரிந்து ஜமீலுன்னிசா எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

"அஞ்சு வருஷம் பீரோல வெச்சுப் பூட்டணுமாம் மேடம். அதுக்குள்ள பம்பாய்ல வேற யாராவது எழுதிடுவாங்க. மூணு வருஷமா நான் என்ன பண்ணேன்னு எங்க அம்மி கேட்டா, என்ன சொல்றது?"

"ஒண்ணும் சொல்லாதே. போய் மிச்ச அத்தியாயத்தை எழுது."

அடுத்த நாள் சாயங்காலம் அத்தை ஆபீஸ் டைப் மிஷினில் எதையோ அடித்துவிட்டுத் தாமதமாக வந்தாள். மறுநாள் வெள்ளிக்கிழமை, கம்பெனிக்காரர் வந்து கையெழுத்து. ஒப்பந்தத்தை எடுத்து வைத்துக்கொண்டு பதினோரு பக்கத்தில் குறி போட்டாள். ஆறாம் பக்கத்தை மட்டும் அப்படியே விட்டாள்.

அப்பாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கண்காணிப்பாளர் அந்த மாதத்தோடு ஓய்வு. அடுத்த ஆள் யார் என்கிற லிஸ்ட் பதிவாளர் மேஜையில் இருந்தது. முதல் பெயர் அத்தையுடையது.

"விசாலி, இந்த நேரத்துல அவர் மூஞ்சியில கரியைப் பூசணுமா?"

"நான் எதையும் பூசலை அண்ணா. ஓரிடத்துல எழுதாம விடறேன், அவ்வளவுதான்."

காலையில் அத்தை குளிக்கப் போன சமயம், ஆறாம் பக்கத்தில் நான் ஒரு பெருக்கல் குறி போட்டேன். குறும்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அவள் கண்காணிப்பாளர் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

கிளம்பும்போது புரட்டிப் பார்த்தாள். ரப்பரை எடுத்து அழித்தாள். தூசியை ஊதினாள்.

"டேய் வேம்பு, நீ போடற குறிக்குக் கையெழுத்துப் போடறவர் உங்கப்பா ஒருத்தர்தான்."

ரேங்க் கார்டு விஷயம் அவளுக்கு எப்படித் தெரியும் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

மற்றதைச் சொன்னவர் பியூன் வெள்ளைச்சாமி. ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக் கூடத்தில், பதிவாளராகவும் கம்பெனிக்காரராகவும் மாறி மாறி நடித்துக் காட்டினார். நடிப்பைக் கழித்துவிட்டு எழுதுகிறேன்.

கம்பெனியிலிருந்து ஜவஹர் என்பவர், டை கட்டினவர், வந்திருந்தார். தட்டில் வடை. பக்கத்தில் கண்காணிப்பாளரும், காகிதம் எடுத்துக் கொடுக்க அத்தையும். பதிவாளர் சரசரவென்று கையெழுத்துப் போட்டுக்கொண்டே போனார். முடித்துப் பேனாவை மூடினார்.

"சார், ஆறாம் பக்கம் விட்டுப் போச்சு" என்றார் ஜவஹர்.

பதிவாளர் புரட்டினார். "இங்கே குறி இல்லையே. என்னம்மா, மறந்துட்டீங்களா?"

"மறக்கலை சார்."

"பின்னே?"

"அதுல ஒன்பதாவது ஷரத்து இருக்கு. நீங்க ஒரு தரம் படிச்சுட்டுப் போடச் சொன்னா, இப்பவே போட்டுடறேன்."

"அப்ப பாக்கணும் தம்பி, கண்காணிப்பாளர் மூஞ்சியை! கையில எடுத்த வடையை வைக்கவும் முடியல, கடிக்கவும் முடியல" என்றார் வெள்ளைச்சாமி.

பதிவாளர் படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தரம் படித்தார்.

"இதுல வேலை செய்யற பொண்ணு ஆய்வேடு கொடுக்க முடியாதா அப்போ?"

"எல்லா ஒப்பந்தத்துலயும் போடறதுதான் சார்" என்றார் ஜவஹர்.

"எல்லாத்துலயும் இல்லை" என்றாள் அத்தை. "நம்ம ஆபீஸ்ல இதுவரைக்கும் நாற்பத்திரண்டு ஒப்பந்தம் ஆயிருக்கு. ஒண்ணுலகூட ஆய்வேட்டைப் பூட்டினதில்லை."

கையோடு கொண்டுபோயிருந்த தாளை மேஜைமேல் வைத்தாள். முந்தின நாள் அவள் அடித்தது. புது ஆறாம் பக்கம், மூன்று பிரதி. ஒப்பந்தத்துக்கு முன்பு கண்டது கம்பெனியின் சொத்து ஆகாது. ஆய்வேட்டை அறுபது நாள் முன்னதாகக் கம்பெனிக்குக் காட்ட வேண்டும். கம்பெனியின் ரகசியம் ஏதாவது இருந்தால் அதை மட்டும் நீக்கச் சொல்லலாம். அறுபது நாளில் பதில் வராவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். எந்தக் காரணத்துக்கும் ஆய்வேட்டையோ வாய்மொழித் தேர்வையோ நிறுத்தக்கூடாது. இதில் என் அத்தையின் சாமர்த்தியம் ஒன்று உண்டு. பழைய பக்கம் எந்த வார்த்தையில் முடிந்ததோ, புதுப் பக்கமும் அதே வார்த்தையில் முடியும். ஏழாம் பக்கத்தைத் தொட வேண்டியதே இல்லை.

ஜவஹர் அங்கிருந்தே தம் டைரக்டருக்கு டெலிபோன் போட்டார். கால் மணி நேரம். திரும்பி வந்து, "அறுபது போதாதாம். தொண்ணூறு நாள் கேட்கறார்" என்றார்.

அத்தை விரல்விட்டு எண்ணினாள். தொண்ணூறு என்றால் பத்தே நாளில் ஜமீலுன்னிசா மொத்தத்தையும் எழுதி முடிக்க வேண்டும்.

"முடிப்பா சார்" என்றாள். கொண்டையிலிருந்து பென்சிலை எடுத்துப் புது ஆறாம் பக்கத்தில் குறி போட்டாள். பதிவாளர் அறுபதைத் தொண்ணூறாகத் திருத்தினார். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.

ஜமீலுன்னிசா ஒன்பது நாளில் முடித்தாள். கம்பெனி இரண்டு வரியை நீக்கச் சொன்னது, நீக்கினாள். ஆகஸ்டில் ஆய்வேடு போயிற்று.

கண்காணிப்பாளர் லிஸ்டும் வந்தது. அத்தை பெயருக்குக் கீழே இருந்தவர் மேலே போய்விட்டார். வெளியாள் முன்னால் பதிவாளரைக் கேள்வி கேட்டால் வேறென்ன கிடைக்கும் என்று அப்பா இரண்டு நாள் சாப்பாட்டில் குற்றம் கண்டுபிடித்தார். அத்தை, "அடுத்த லிஸ்ட்ல வந்துட்டுப் போறது" என்றாள். ஆனால் அதற்கப்புறம் வருகிற ஒவ்வொரு ஒப்பந்தத்தின் மேலும் பதிவாளர் கையால் ஒரு சீட்டு இருக்கிறதாம்: 'விசாலாக்ஷி படித்தாயிற்றா?' தெருவில் இருபது பேருக்காவது இதைச் சொல்லியிருப்பேன். கேட்காதவர்களுக்கும் சொன்னேன்.

இந்தப் பிப்ரவரியில் வாய்மொழித் தேர்வு. யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாம் என்றார்கள். அத்தை அரை நாள் லீவு போட்டு, என்னையும் இழுத்துக்கொண்டு போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். ஒரு வார்த்தை புரியவில்லை. ஜவஹர் முன் வரிசையில் பள்ளிக்கூடப் பையன் மாதிரிக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். வெளியூர்ப் பேராசிரியர் குடைந்து குடைந்து கேட்டார். ஜமீலுன்னிசா நின்று நிதானமாகப் பதில் சொன்னாள். "வேறு யாருக்காவது கேள்வி உண்டா?" என்றார் அவர்.

எங்கள் வரிசையில் சைதாப்பேட்டைக்காரர் ஒருவர் இருந்தார். சாயப்பட்டறை வைத்திருப்பவர், வெள்ளைச்சாமி சொல்லி வந்திருந்தார். தயங்கிக்கொண்டே எழுந்தார். விரல் நகமெல்லாம் நீலம்.

"எம்மா, நம்ம பட்டறையாண்ட வாய்க்கால் தண்ணி செவப்பா கீது. அக்கம்பக்கத்துல ஏசிக்கினே கீறாங்க. நீ சொன்னது சின்னப் பட்டறைக்கு ஒத்து வருமா?"

ஜமீலுன்னிசா ஜவஹரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் குறிப்பெடுப்பதை நிறுத்தவில்லை.

"வரும் ஐயா. முன்னால வாங்க, எது எவ்வளவு போடணும்னு எழுதித் தரேன்."

அத்தை என் விலாவில் இடித்தாள். "எழுந்துருடா தடியா, அவருக்கு வழி விடு."

நான் எழுந்தேன். அவர் எங்களைத் தாண்டி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, முன் வரிசைக்குப் போனார்.