படுக்கையறைக்கு எத்தனை டிகிரி

கெசீனா முதியோர் இல்லத்தில் முப்பத்தெட்டு வருஷம் வேலை பார்த்தவள். எத்தனையோ பேரைத் தூக்கி, துடைத்து, ஊட்டிவிட்டவள். சுற்றி வளைத்துப் பேச அவளுக்கு வராது. ஆனால் கணவன் ஹின்ரிக்கின் நோயைப் பற்றி மட்டும் எட்டு மாதமாக வீட்டில் பேச்சில்லை. தசைகளை ஒவ்வொன்றாக முடக்குகிற நோய். இரண்டு வருஷம், மிஞ்சினால் மூன்று என்றார் மருத்துவர். அன்று ஹின்ரிக் வெளியே வந்து காரில் ஏறி உட்கார்ந்து, "மாடிப்படி இல்லாத வீடா ஒண்ணு கட்டணும்," என்றார். அதோடு சரி.

எம்டன் நகருக்கு வெளியே அந்த வீடு கூரை வரை எழும்பிவிட்டது. குளிர்காலத்துக்கு வீட்டைச் சூடாக்கும் வேலையை எடுத்திருந்த ஹாப்போ, ஜன்னல் வைக்காத சமையலறையில் ஒரு பலகை மேசைமேல், இருவருக்கும் முன்னால் வரைபடத்தை விரித்தான். வெளியே தண்ணீரைச் சூடாக்கும் ஹீட் பம்பு, தரைக்கடியில் வெந்நீர்க் குழாய்கள். வியாழக்கிழமை குழாயைப் பதித்து மேலே சிமெண்டுக் கலவை ஊற்றிவிடுவார்கள். பிறகு ஒரு முழம் குழாய்கூடச் சேர்க்க முடியாது.

"கூடம் இருபத்தொரு டிகிரி, குளியலறை இருபத்துநாலு," என்று எழுதினான். "படுக்கையறை?"

"அங்க குழாயே வேணாம்," என்றார் ஹின்ரிக். "நாப்பது வருஷமா ஜன்னலத் தொறந்து போட்டுத்தான் படுக்கிறோம். இவ குறட்டை வெளிய போக வழி வேணும்ல."

ஹாப்போ சிரித்துக்கொண்டே அந்த அறையின் மேல் கோடு கிழிக்கப் போனான். அந்தப் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான். படுக்கையறையைச் சூடாக்குகிறவனைச் சீக்காளி என்பார்கள்.

"இருபத்துநாலு போடுங்க," என்றாள் கெசீனா.

"ஏன், உள்ள தக்காளி வளக்கப் போறியா?" என்றார் ஹின்ரிக்.

"இல்ல. நீ அங்கதான் படுத்துக் கிடப்ப."

ஹாப்போ பென்சிலைப் பார்த்தான். "வேணும்னா பின்னால ஒரு மின்சார ஹீட்டர் வாங்கி…"

"அந்தக் காத்து தொண்டையக் காய வச்சிடும். அப்ப இவரால சளிய இருமித் துப்ப முடியாது. அசையாத உடம்பு சீக்கிரம் குளிர்ந்துபோகும். உங்க தண்ணி முப்பத்தஞ்சு டிகிரிதான், தரை சூடேறவே ஒரு நாள் ஆகும்னு நீங்கதான சொன்னீங்க. பின்னால பாத்துக்கற காரியமில்ல இது."

ஹின்ரிக் வலது கையை இடது கையால் தூக்கி மேசைமேல் வைத்தார்.

"எட்டு மாசமா இதையெல்லாம் மனசுக்குள்ளயே வச்சிருந்தியா?"

"நீ வாயத் தொறப்பன்னு பாத்தேன்."

"நான் தொறந்தா நீ அழுவியோன்னு பயந்தேன்."

"நானா?" என்றாள் கெசீனா.

ஹின்ரிக் வரைபடத்தில் படுக்கையறையைத் தொட்டுக் காட்டினார். "என் கட்டிலுக்கு அடியில மட்டும் போட முடியுமா? சூட்டுல இவளுக்குத் தூக்கம் பிடிக்காது."

"அப்படிப் போட்டா அறை சூடேறாது," என்றான் ஹாப்போ, தலை நிமிராமல். "தனியா ஒரு வால்வு வைக்கலாம். வேணாங்கறப்ப அந்த அறைய மட்டும் மூடிடலாம்."

"அதச் செய்யுங்க. எனக்கப்புறம் மூடிக்குவா."

படுக்கையறை, இருபத்துநாலு, தனி வால்வு என்று ஹாப்போ எழுதினான். வால்வை எந்தச் சுவரில் வைப்பது என்று கேட்டான். ஹின்ரிக் மனைவியைப் பார்த்தார்.

"கதவுப் பக்கம்," என்றாள் கெசீனா. "எனக்குக் கை எட்டுற உயரத்துல."