வீணைக்கு முந்தைய ஒரு நிமிடம்

நீங்கள் நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி, பேய் பிசாசு என்று கதை சொல்கிறவனைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். இருபது வருடமாகக் குரும்பகரத்தில் மைக் செட் தொழில் செய்கிறேன். கல்யாணம், காதுகுத்து, சாவு, எல்லாவற்றுக்கும் நான்தான். சுடுகாட்டுப் பக்கம் ஜெனரேட்டரைக் கட்டிக்கொண்டு படுத்துக் குறட்டை விட்டவன், எதுவும் வந்து என் காலைப் பிடித்து இழுக்கவில்லை.

என் மனைவி சுதா வீணை படித்தவள். படித்ததோடு சரி, பதினோரு வருடமாக வீட்டில்தான் இருந்தாள். போன வருடம் புதுச்சேரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் வீணை டீச்சர் வேலை என்று தெரிந்து விண்ணப்பித்தாள், பத்து நிமிடம் வாசித்து அனுப்பச் சொன்னார்கள். வயசு ஏறிக்கொண்டே போகிறது, இதை விட்டால் வேறு கிடைக்காது. ஒரு வாரமாக அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

வீட்டிலேயே பதிவு செய்யலாம் என்றேன். எங்கள் தெருவில் மோட்டார், மிக்சி, எதிர்வீட்டு டிவி என்று சத்தத்துக்குப் பஞ்சமில்லை, அதனால் கரண்ட் நிறுத்துகிற நாளாகப் பார்த்து, பட்டப்பகல் பதினோரு மணிக்கு, லேப்டாப்பை பேட்டரியில் போட்டு உட்கார்ந்தோம். வீட்டில் வேறு ஆள் இல்லை. வாசிப்பதற்கு முன்னால் ஒரு நிமிடம் யாரும் அசையாமல் அறையின் வெறும் இரைச்சலை மட்டும் பிடித்துக்கொள்வேன், பிறகு கம்ப்யூட்டரில் அதை வைத்தே மொத்தப் பதிவிலிருந்தும் இரைச்சலை நீக்கிவிடலாம். அந்த ஒரு நிமிடமும் சுதா மடியில் கை வைத்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், நான் வாயே திறக்கவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன். அப்புறம் தலையாட்டினேன், வாசித்தாள். அடடா, என்ன வாசிப்பு!

அவள் அடுப்படிக்குப் போனதும் ஹெட்போனை மாட்டி முதலிலிருந்து கேட்டேன். அந்த வெறும் நிமிடத்தில் ஒரு குரல் இருந்தது.

"சுதா... கதவத் தொற. ஏ சுதா, தொறடி..."

என் குரல். அழுது கம்மிப்போன என் குரல். கூடவே கதவைப் படார் படாரென்று தட்டுகிற சத்தம். பிறகு உள்ளேயிருந்து ஒரு இரும்புத் தாழ்ப்பாள் திறந்தது, கீச்சென்று ஒரு இழுப்பு, கொஞ்சம் நின்று இன்னொரு இழுப்பு. அதோடு என் குரல் பாதி வார்த்தையில் நின்றுவிட்டது. அப்புறம் ஒன்றுமில்லை, வீணைதான்.

எட்டுத் தடவை கேட்டிருப்பேன். பழைய பதிவு ஏதாவது கலந்துவிட்டதா என்றும் தேடிப் பார்த்தேன். நான் அப்படி ஒருநாளும் அவளைக் கூப்பிட்டதே இல்லை, எங்கிருந்து கலக்கும்? எங்கள் வீட்டில் இரும்புத் தாழ்ப்பாளும் கிடையாது.

"என்னங்க, நல்லா வந்துருக்கா?" என்று அடுப்படியிலிருந்தே கேட்டாள்.

"ம்... அருமையா வந்துருக்கு."

அன்றைக்கு அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்துவிட்டு எப்படிச் சொல்வது? அந்த நிமிடத்தை மட்டும் வெட்டிவிட்டு அனுப்பினேன். வேலை கிடைத்துவிட்டது.

பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு பழைய வீட்டு மாடியில் ஒற்றை அறை வாடகைக்குப் பிடித்தாள், சனிக்கிழமை ஊருக்கு வந்துவிடுவாள். குடிபோன அன்றைக்கே வீடியோ காலில் வந்தாள்.

"பாருங்க, எம்மாம் பெரிய இரும்புத் தாப்பா! இனிமே நீங்க கவலப்படாம தூங்குங்க."

சொல்லிக்கொண்டே இழுத்துக் காட்டினாள். கீச்சென்று ஒரு இழுப்பு, கொஞ்சம் நின்று இன்னொன்று. இருபது வருடமாகச் சத்தத்தோடு பிழைக்கிற காது இது, தப்பாது. அன்றைக்கு ஹெட்போனில் கேட்ட அதே தாழ்ப்பாள்.

வேறு வீடு பார்க்கச் சொன்னேன், கேட்கவில்லை. நான் அங்கே போனால் கதவைத் தட்டுவதில்லை, தெருவில் நின்று ஃபோன் செய்வேன், அவள் இறங்கி வருவாள். காரணம் இன்றுவரை சொல்லவில்லை. நேற்று மனசு கேட்காமல், "அந்தத் தாப்பாவப் போடாத சுதா" என்று ஃபோனில் சொல்லிவிட்டேன்.

"நல்லா சொன்னீங்க போங்க! தனியா இருக்கற பொம்பள தாப்பா போடாம தூங்குவாளா?" என்று சிரித்தாள்.

அவள் கேட்பதும் நியாயம்தானே. பேசிக்கொண்டே அவள் அதைப் போடுகிற சத்தம் எனக்குக் கேட்டது.