தம்பியின் தாளில் என் கையெழுத்து

என் தம்பி பகலவன் எங்கள் குடும்பத்தில் டிப்ளமோ முடித்த முதல் ஆள். ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் இருபத்தாறு வயதிலேயே லைன் சூப்பர்வைசர். எட்டாவதோடு நின்ற நான், அதே ரோட்டில் இன்னொரு கம்பெனியில் பீஸ்களைச் சரிபார்க்கும் வேலை செய்கிறேன். ஷேர் ஆட்டோவில் முன்பின் தெரியாதவர்களிடம்கூட என் தம்பி சூப்பர்வைசர் என்று சொல்லியிருக்கிறேன்.

போன ஆடியில் அவனுக்குச் சாப்பாடு குறைந்தது. லீவு நாளில் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தான். உடம்புவலி என்று ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனவனை டாக்டர் விசாரித்துவிட்டு, மனச்சோர்வு என்று சொல்லி நர்ஸ் ஜாஸ்மினிடம் அனுப்பினார். வாரம் ஒருநாள் அரைமணி நேரம் உட்கார்ந்து பேச வேண்டும், ஆறு வாரம். கூடவே ஒரு தாள் கொடுத்தார்கள். தினமும் சின்னதாக ஏதாவது ஒன்று செய்து, அதை எழுதி, அன்றைக்கு மனசு எப்படி இருந்தது என்று பத்துக்கு மார்க் போட வேண்டும்.

அடுத்த வாரம் அவன் சிஸ்டரிடம் கிளம்பும்போது தாளைப் பார்த்தேன். ஏழு கட்டமும் காலி.

“இன்னாடா இது, ஒண்ணுகூட ரொப்பல?”

“ஒண்ணும் செய்யலக்கா. இன்னாத்த எழுதறது?”

“சிஸ்டர் இன்னா நெனப்பாங்க?”

“நீயே ரொப்பிக்கோ. கட்டம் காலியா இருந்தா உனக்குத்தான் சோறு எறங்காதே.”

கிண்டல்தான் செய்தான். நான் பேனாவை எடுத்துவிட்டேன். எங்கள் லைனில் செக் ஷீட்டில் ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் வீட்டுக்குப் போக முடியாது. பார்க்காமல் விட்ட பீஸுக்கும் ஷிப்ட் முடிவில் டிக் விழுந்துவிடும். அந்தப் பழக்கம். ‘வல்லக்கோட்டை கோயிலுக்குப் போனேன், மூன்று.’ ‘நண்பனோடு டீ குடித்தேன், நான்கு.’ வாராவாரம் எழுதினேன். மார்க்கை ஒரேயடியாக ஏற்றாமல், நம்பும்படி ஏற்றினேன்.

நாலாவது வாரம் நானும் கூடப் போயிருந்தேன். ஜாஸ்மின் தாளைப் பார்த்துச் சிரித்தார். “நல்லா தேறிட்டீங்க பகலவன். இனிமே மாசம் ஒருவாட்டி வந்தா போதும்.” அவன் என்னைப் பார்த்தான். நான் பையைத் தேடி எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

புரட்டாசியில் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. பன்னிரண்டு நாளாக அவன் வேலைக்கு வரவில்லையாம். சீருடை போட்டுக்கொண்டு கிளம்பியவன், சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்பில் ஷிப்ட் முடியும்வரை உட்கார்ந்திருந்திருக்கிறான்.

“ஏண்டா சிஸ்டர்கிட்ட நெசத்தச் சொல்லல?”

“நீ அவ்ளோ அழகா எழுதி வெச்சிருந்தே. அவங்களும் சந்தோசப்பட்டாங்க. அதுல போயி இல்லன்னு எப்டிக்கா சொல்றது?”

மறுநாள் ஜாஸ்மினிடம் நானே ஒப்புக்கொண்டேன். அவர் திட்டவில்லை. “காலித் தாளக் கொண்டாந்திருந்தா, அவரால எழுந்திரிக்கவே முடியலன்னு எனக்குப் புரிஞ்சிருக்கும்க்கா. மாத்திரை வேணுமான்னு அப்பவே டாக்டர்கிட்ட கேட்டிருப்பேன்,” என்றார்.

மறுபடி முதல் வாரத்திலிருந்து ஆரம்பித்திருக்கிறார்கள். மாத்திரையும் உண்டு. சூப்பர்வைசர் வேலை போய்விட்டது. அவன் உள்ளே பேசும்போது நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். தாளை இப்போது சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொள்கிறான். அதில் எழுதுகிறானா, எத்தனை மார்க் போடுகிறான், எதுவும் எனக்குத் தெரியாது.