இடது சக்கரத்தின் மூன்று மிதிகள்

ஜெபராஜ் பிரேக்கை மிதித்தார். ஓட்டியவரின் கவனக்குறைவு என்று போலீஸ் காகிதத்தில் இருக்கிறது. அது பொய். அந்தப் பொய்யை உண்டாக்கியவன் நான்.

ஆறு வருடங்களாக இதை யாரிடமும் சொல்லவில்லை. இப்போது உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது... அதனால்தான் சொல்ல முடிகிறது.

எனக்கு எழுபத்தெட்டு வயது. விக்ரோலியில் ஒரு தொழிற்சாலையில் முப்பத்தோரு வருடம் ஸ்டோர் கீப்பராக இருந்தேன். திருகோ வாஷரோ, எண்ணாமல் எதையும் வாங்கியதுமில்லை, கொடுத்ததுமில்லை. ஓய்வு பெற்றும் அந்தப் பழக்கம் போகவில்லை. செம்பூரில் என் வீட்டுக் கதவிலிருந்து கார் நிற்கும் இடத்துக்கு நாற்பத்து மூன்று படிகள், அப்புறம் இருபத்தாறு எட்டுகள்.

கார் ஒரு பிரெஞ்சுக் கம்பெனியுடையது. ஒரு காலத்தில் கல்யாண் பக்கம் செய்தார்கள். சில வருடங்களில் நிறுத்திவிட்டார்கள். உதிரி பாகம் கிடைக்காது. மெக்கானிக்குகள் பானெட்டைத் திறந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். அதனால் நானே கற்றுக்கொண்டு நானே பழுது பார்த்தேன். "வெளி ஆள் கை படாத வண்டி" என்று கட்டடம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்தப் பெருமைதான்... இருங்கள், வரிசையாகச் சொல்கிறேன்.

ஜெபராஜ் கீழ் வீட்டுக்காரர். நாசரேத்துப் பக்கம். முப்பத்திரண்டு வருடம் இந்த ஊரில் பஸ் ஓட்டியவர். "வண்டியில ஒரு கீறல் கிடையாதுவே" என்பார். அவரிடம் சொத்து என்று இருந்தது அந்த ஒரு வாக்கியம்தான்.

பிரேக் வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். எண்ணெய் மாற்றும்போது குழாயில் காற்று தங்கிவிடும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து மிதியை அழுத்திப் பிடிக்க வேண்டும். மற்றவர் சக்கரத்தருகே ஒரு சின்னத் திருகைத் தளர்த்திக் காற்றை வெளியேற்றி, மறுபடி இறுக்கிய பிறகு, "விடும்" என்று சொல்ல வேண்டும். அதற்குள் காலை எடுத்தால் காற்று உள்ளே திரும்பிவிடும். உள்ளே எப்போதும் ஜெபராஜ். வெளியே நான். சக்கரத்துக்குப் பன்னிரண்டு மிதி என்பது என் கணக்கு.

அன்று ஆயுத பூஜை. மூன்று சக்கரங்கள் முடிந்து, முன் இடது சக்கரத்தில் ஒன்பதாவது மிதி.

"என்னவே, எண்ணுதீரா, ராமஜெயம் எழுதுதீரா? காலு மரத்துப் போச்சு."

"இன்னும் மூணுதான் வே. அழுத்தும்."

"நாப்பது பேர ஏத்திட்டு தாதர் டிராஃபிக்ல போனப்பகூட இத்தன மிதி மிதிச்சதில்ல!"

அப்போதுதான் மேலே ஜன்னலிலிருந்து என் மனைவி சரோஜா கத்தினாள். "ராகுகாலம் வந்துரும்! ஸ்பேனரையெல்லாம் கொண்டாங்க, பூஜையில வைக்கணும்!"

மீதி மூன்றை நாளை பார்த்துக்கொள்ளலாம், எப்படியும் மறுபடி திறக்க வேண்டிய திருகுதானே என்று நினைத்தேன். விரலால் மட்டும் இறுக்கினேன். ஸ்பேனர் பூஜைக்குப் போயிற்று. சந்தனம், குங்குமம், பூ. பூஜையில் வைத்த கருவியை மறுநாள் புனர்பூஜை முடியும்வரை தொடக்கூடாது; எங்கள் வீட்டில் கத்தரிக்கோலைக்கூடத் தொட மாட்டோம்.

நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தேன். வண்டியை அவற்றின் மேல் ஒரு முழம் நகர்த்தி நசுக்கியது ஜெபராஜ்தான். "கர்த்தர் இத கண்டுக்க மாட்டாரு, சுண்டல கொண்டாரும்" என்று சிரித்தார்.

மறுநாள் காலை ஏழு இருபதுக்கு என் கதவைத் தட்டினார்.

"வே, மகளுக்கு வலி வந்துட்டாம். நெருள்ல ஆஸ்பத்திரியில சேத்திருக்காவ. அவ அம்மா மெர்சி ராத்திரியே அங்க போயிட்டா. பண்டிகை நாளு, ஒரு டாக்சியும் வரமாட்டேங்கான். வண்டிய எடுத்துக்கிடட்டா?"

சாவியோடு கூடவே இறங்கினேன். நாற்பத்து மூன்று படிகள். இடது சக்கரத்தடியில், நசுங்கிய எலுமிச்சைக்கு அருகே, உள்ளங்கையளவு ஈரம்.

எலுமிச்சைச் சாறு என்று சொல்லிக்கொண்டேன்.

நேற்று மாலை நசுங்கிய எலுமிச்சை இன்று காலையும் ஈரமாகவா இருக்கும்? மற்ற மூன்று சக்கரங்களின் அடியில் தரை காய்ந்து கிடந்ததே! எண்ணுகிறவன் நான், நான்கில் ஒன்று என்று எனக்கா தெரியாது? குனிந்து தொட்டிருந்தால் விரலில் எண்ணெய் வழுக்கியிருக்கும். தொடவில்லை. தொட்டால் தெரிந்துவிடும் என்பதால்தான் தொடவில்லை. தெரிந்தால், வேலையைப் பாதியில் விட்டேன் என்று ஒரு டிரைவரிடம் சொல்ல வேண்டும். பூஜையிலிருக்கும் ஸ்பேனரை எடுக்கச் சரோஜாவோடு வாதாட வேண்டும்.

"நாலு சக்கரமும் சரியா வே?" என்று கேட்டார். ஆம், கேட்டார்! நேற்று அந்த மிதியில் கால் வைத்திருந்தவர், இன்னும் மூன்று என்று நான் சொன்னதைக் கேட்டவர். ராத்திரிக்குள் முடித்திருப்பேன் என்று என்னை நம்பியிருக்கிறார்.

"நாலும் சரி" என்றேன்.

வாஷிப் பாலம் இறங்கும் இடத்தில், பழுதாகி நின்ற ஒரு லாரியின் பின்னால்... எட்டே முக்காலுக்குப் போன் வந்தது.

இப்போது இரண்டாவது குற்றம். முதலாவதைவிடப் பெரியது இதுதான்.

சாவுச் செய்தியோடு புனர்பூஜை நின்றுபோயிற்று. ஸ்பேனர்கள் பூவோடு அப்படியே இருந்தன. காலையில் தொடக்கூடாது என்று நான் விட்ட பத்தாம் நம்பர் ஸ்பேனரை மதியம் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். சாமி குறுக்கே வரவில்லை, சரோஜாவும் பார்க்கவில்லை. போலீஸ் வண்டியை இழுத்துப் போட்டிருந்த இடத்துக்கு ஆர்.சி. காகிதங்களோடு போனேன். முன்பக்கம் நொறுங்கி பிரேக் எண்ணெய்க் குடுவை உடைந்திருந்தது. எண்ணெய் எப்போது போயிற்று என்று இனி யாராலும் சொல்ல முடியாது. மிச்சமிருந்த சாட்சி அந்தத் திருகு ஒன்றுதான். பரிசோதிக்கிற அதிகாரி வருமுன் மண்டியிட்டு இறுக்கினேன். முக்கால் சுற்று. கையை எடுத்தபோது திருகின் தலையில் குங்குமம் ஒட்டியிருந்தது. கைக்குட்டையால் துடைத்தேன்.

திரும்பும் வழியில் பாலத்தில் பார்த்தேன். சாலையில் ஒரே ஒரு கறுப்புக் கோடு, வலது சக்கரத்துடையது. பாதி பிரேக்கை வைத்துக்கொண்டு அந்த மனிதர் கடைசிவரை அழுத்தியிருக்கிறார்! இறக்கத்தில் அது போதவில்லை. ஒற்றைக் கோட்டின் அர்த்தம் யாருக்கும் தெரியவில்லை. தெரிந்த நான் வாயைத் திறக்கவில்லை.

கவனக்குறைவு என்று எழுதிக் கோப்பை மூடினார்கள். துக்க வீட்டில் ஒருவர், "பஸ்ஸு ஓட்டுன கையி, சின்ன வண்டி பிடிபடல" என்றார். நான் தலையாட்டினேன். முப்பத்திரண்டு வருடம், ஒரு கீறல் கிடையாது... நான் தலையாட்டினேன்!

வண்டி திரும்பி வந்தது. விற்றுவிடுங்கள் என்றாள் சரோஜா. யார் பிரித்துப் பார்த்தாலும் எதையோ கண்டுபிடிப்பார்கள் என்ற பயத்தில் விற்கவில்லை. குர்லாவில் பழைய பானெட் வாங்கி, குடுவையும் குழாயும் மாற்றி, இரண்டு வருடத்தில் மெல்ல மெல்லச் சரிசெய்தேன். கடைசியில் பிரேக்கிலிருந்து காற்றை எடுக்க வேண்டியிருந்தது. உள்ளே உட்கார ஆளில்லை. திருகில் ஒரு குழாயைச் செருகி மறுமுனையை எண்ணெய்ப் பாட்டிலில் அமிழ்த்தி, நானே ஏறி மிதித்து, நானே இறங்கி வந்து பார்த்தேன்.

பட்டப்பகல். பதினோரு மணி. மூன்று சக்கரங்கள் முடித்து இடது சக்கரத்தருகே உட்கார்ந்தேன். திருகின் தலையில் சிவப்பாக ஒரு பொட்டு. துருவாக இருக்கலாம். துடைத்தேன், போயிற்று. பழக்கதோஷத்தில் வாய் தானாகச் சொன்னது: "அழுத்தும்."

உள்ளே மிதி கிறீச்சிட்டது.

பாட்டிலில் குமிழ் வந்தது. ஒன்று... சற்று நின்று, இரண்டு... மூன்று. அப்புறம் வரவில்லை. பின்னாலிருந்த காம்பவுண்டுச் சுவரில் பிரேக் விளக்கின் சிவப்பு மூன்று முறை எரிந்து அணைந்தது. எழுந்து பார்த்தேன். இருக்கையில் யாருமில்லை.

திருகைத் திறந்துவைத்தால் எண்ணெய் தானாகவும் இறங்கும், எனக்குத் தெரியும். விளக்கின் ஸ்விட்ச் பழையது, அதுவும் தெரியும். ஆனால் சரியாக ஏன் மூன்று? அது மட்டும் தெரியவில்லை.

வருடாவருடம் விஜயதசமியன்று ஜெபராஜின் மனைவி மெர்சி வீட்டில் அவர் நினைவாக ஜெபக்கூட்டம் நடக்கும். முடிந்ததும் மெர்சி மேலே வந்து கேக்கும் பழமும் தந்துவிட்டுப் போவார். இந்த வருடம் போகாமல் வாசலிலேயே நின்றார்.

"அண்ணாச்சி, ஒங்களுக்குத்தான் வண்டிய பத்தித் தெரியும். ஒண்ணு கேக்கேன், மறைக்காம சொல்லுங்க. அவிய பிரேக்க மிதிச்சாவளா, இல்லையா? பேத்தி பள்ளிக்கூடத்துல யாரோ சொல்லிருக்காவ, ஒங்க தாத்தா தூங்கிட்டே ஓட்டினாருன்னு. அவ பொறந்ததும் அன்னைக்குத்தானே. வந்து எங்கிட்ட அழுதா."

இதைவிட நல்ல வாய்ப்பு இனி எனக்கு வருமா? ஒரே சொல்... மிதித்தார். அவ்வளவுதானே! ஆனால் அந்தச் சொல்லுக்குப் பின்னால் திருகு வரும், ஈரம் வரும், ஸ்பேனர் வரும்.

"வயசாயிட்டுல்லா மெர்சி" என்றேன். "வெயில் கண்ண மறைச்சிருக்கும்."

மெர்சி திரும்பினார். படியிறங்கப் போனவர் நடை ஜன்னலருகே நின்றார்.

"வண்டியில யாரு அண்ணாச்சி உக்காந்திருக்கா? பின்னால செவப்பு லைட்டு எரியுதே."

"ஸ்விட்ச் கோளாறு" என்றேன்.

அன்றே பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டேன். கட்டிலுக்கடியில் இருக்கிறது. பதினொரு நாள் ஆகிறது.

இதை எழுதிக்கொண்டே இப்போதும் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சுவரில் அந்தச் சிவப்பு இருக்கிறது. முன்போல எரிந்து அணையவில்லை. நிலையாக இருக்கிறது... நான் சொல்லும்வரை காலை எடுக்கக்கூடாது என்று அவருக்குப் பழக்கியது நான்தானே!

நாற்பத்து மூன்று படிகள், இருபத்தாறு எட்டுகள். கீழ் வீட்டு மெர்சியின் கதவுக்கு அதைவிடக் குறைவு. முப்பத்தொன்பது படிகள்தான். எண்ணிவைத்திருக்கிறேன். இன்னும் இறங்கவில்லை.