அடிக்கட்டைகள்

சலவை ஆலையில் என் அக்காவுக்குப் பெயரே ‘சம்பள அக்கா’தான். ஆஸ்பத்திரி விரிப்புகளைத் துவைத்துத் தேய்த்துக் கொடுக்கும் இடம். இருபத்திரண்டு பேருக்கு வேலை. முதலாளி ஆர்டர் தேடி அலைகிறவர் என்பதால், செக்கில் கையெழுத்துப் போடும் அதிகாரத்தை அவளிடம் விட்டிருந்தார். பதினோரு வருடத்தில் சம்பளம் ஒரு நாள்கூடத் தள்ளிப்போனதில்லை என்று அவளுக்குத் தலைகால் புரியாத பெருமை. என் கல்யாணத்தன்றுகூடச் சம்பளம் போட்டுவிட்டுத்தான் வந்து சேர்ந்தாள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

போன வருடம் இரண்டு ஆஸ்பத்திரிகள் ஆர்டரை நிறுத்திவிட்டன. ஆட்களின் சம்பளத்தில் பிடித்த வரியைக் கட்டாமல், அதை வைத்தே முதலாளியும் அக்காவும் சம்பளத்தையும் சோப்புத்தூள் செலவையும் சமாளித்தார்கள். “அடுத்த மாசம் சேத்துக் கட்டிடலாம்மா” என்றார் முதலாளி. எட்டு மாதம் ஓடியது.

செவ்வாய்க்கிழமை வரி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. ஆலைக்கு அல்ல, அக்காவின் பெயருக்கு. மறுநாளே நேரில் வரச் சொல்லியிருந்தார்கள். துணைக்கு நான் போனேன்.

அதிகாரி ஒரு பெண்மணி. குரலை உயர்த்தவே இல்லை; அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

“சம்பளம் ஒரு நாள்கூட நிக்கல மேடம், நீங்களே பாருங்க” என்று அக்கா செக் அடிக்கட்டைகளை மேசையில் அடுக்கினாள்.

அவர் பொறுமையாகப் புரட்டினார். “அப்ப பணம் இருந்திருக்கு. வரியக் கட்டாம மத்தவங்களுக்குக் கொடுத்திருக்கீங்க. எல்லாத்துலயும் உங்க கையெழுத்துதான். கம்பெனி கட்டலைன்னா உங்ககிட்டதான் வருவோம். வீடு உங்க பேர்லதானே இருக்கு?”

அது நாங்கள் எல்லோரும் குடியிருக்கும் ஒரே வீடு. பெருமைக்குத் தூக்கிக்கொண்டு போனதையே அவள் சாட்சியாகக் கொடுத்துவிட்டு வந்தாள்.

வெள்ளிக்கிழமை சம்பள நாள். தனியாகப் போகப் பயந்து என்னையும் ஆலைக்கு இழுத்துக்கொண்டு போனாள். முதலாளி செக் புத்தகத்தை நீட்டினார். “இந்த ஒரு தடவை மட்டும் போடும்மா. வெளிய எல்லாரும் நிக்கிறாங்க.”

“முதல்ல வரிக்கு எழுதுங்க.”

“ரெண்டுக்கும் பணம் இல்லம்மா.”

அவள் பேனாவைத் தொடவே இல்லை. எழுந்து வெளியே வந்தாள்.

இஸ்திரி போடும் பெண், போன மாதச் சம்பளச் சீட்டால் விசிறிக்கொண்டு நின்றிருந்தாள். “லேட்டானா பரவால்லக்கா. நீங்க இருக்கிறப்ப எங்களுக்கு என்ன பயம்?”

அக்கா அந்தச் சீட்டை வாங்கி, ‘பிடித்தம்’ என்று போட்டிருந்த இடத்தில் விரலை வைத்தாள். “இந்தப் பணம் எங்கயும் போய்ச் சேரல. உன்கிட்டப் பிடிச்சதைத்தான் உனக்கே சம்பளமா கொடுத்துட்டிருந்தேன்.”

அந்தப் பெண் சீட்டைத் திருப்பி வாங்கி, நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். “வீட்டுல என்னன்னு சொல்றதுங்க?” என்றாள். அக்கா என்று கூப்பிடவில்லை.